ஆத்தூர் வட்டாரமும் மீமனிதவியமும்: மக்கட்பெருக்கம், உடல், விண்வெளி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

டிரான்ஸ்ஹியூமனிசம் எனும் மீமனிதவியம் இன்று கணினி, மரபணுப் பொறியியல், விண்வெளிக் குடியேற்றம் ஆகியவற்றோடு இணைத்தே பேசப்படுகிறது. ஆயின் 1957-இல் ஜூலியன் ஹக்ஸ்லி இச்சொல்லை நிலைபெறச் செய்தபோது மக்கட்பெருக்கக் கட்டுப்பாடு அதன் உட்கூறாக இருந்தது. அச்சிந்தனைச் சூழலில் உருவான குடும்பநலக் கொள்கை இந்தியச் சிற்றூர்களில் சோதிக்கப்பட்ட களங்களுள் ஒன்று, அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஆத்தூர் வட்டாரம். அக்களத்தையும், பெரியாரின் கருத்தடைச் சிந்தனையையும், இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்கக்கால நோக்கங்களையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மீமனிதவியம், ஆத்தூர், காந்தி கிராமம், குடும்பநலத் திட்டம், பெரியார், இனமேம்பாட்டியல், சைட் திட்டம்.

முன்னுரை

மீமனிதவியம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் சித்தர்களிடமிருந்து தொடங்குகின்றன. காயசித்தி, கற்ப மருந்து, போகர், பழனியின் நவபாடாணத் திருமேனி என்று அவ்வரிசை நீளும். திண்டுக்கல் மாவட்டத்தை மையமாகக் கொண்டு எழுதுவோர்க்குப் பழனி அருகிலேயே இருப்பதால் இந்த ஈர்ப்பு மேலும் மிகுதி. ஆயினும் இவ்வொப்புமை மேலோட்டமானது. சித்தர் மரபில் உடலைப் பேணுதல் தனி யோகியின் சாதனை. குருவழியே மறைபொருளாகக் கையளிக்கப்படுவது. மீமனிதவியமோ அறிவியலையும் அரசையும் நிறுவனங்களையும் கருவியாகக் கொண்டு மனித இனம் முழுவதையும் மாற்ற விழையும் பொதுத்திட்டம். முன்னதைப் பின்னதன் முன்னோடி என்பது இரண்டையுமே சிறுமைப்படுத்துவதாகும்.

சமயச் சிந்தனையிலிருந்தே ஒப்புமை தேடவேண்டுமாயின் வடலூர் இராமலிங்க வள்ளலார் (1823–1874) பொருத்தமானவர். அவர் காலத்தவரான உருசியச் சிந்தனையாளர் நிக்கொலாய் ஃபியோதரொவ் (1829–1903), இறந்த முன்னோர் அனைவரையும் அறிவியலால் உயிர்ப்பித்தல் பின்வந்தோரின் கடமை என்றும், அவர்கள் வாழ இடம் வேண்டிக் கோள்களில் குடியேறவேண்டும் என்றும் கருதினார். இளமையில் மாஸ்கோ நூலகத்தில் அவருடைய அறிமுகத்தைப் பெற்ற சியோல்கோவ்ஸ்கியே பின்னாளில் ஏவூர்தியியலின் அடிப்படைகளை வகுத்தார். மரணமிலாப் பெருவாழ்வைப் பாடிய வள்ளலாரோ இறந்தோரை எரிக்காமல் அடக்கம் செய்யவேண்டும் என்றார். அவர்கள் மீண்டெழுவர் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் இறவாமையைத் தனியொருவரின் பேறாக அன்றி அனைவர்க்கும் உரியதாகக் கண்டனர். வடலூரில் சத்திய ஞானசபை கட்டப்படுவதற்கு முன்பே, 1867-இல், பசித்தோர்க்குச் சோறிடும் தருமச்சாலை தொடங்கப்பட்டது என்பது இங்கே நினைக்கத்தக்கது. இவ்வொப்பீடு தனி ஆய்வுக்குரியது.

இக்கட்டுரையின் களம் பழனிக்கும் வடலூருக்கும் அப்பாற்பட்டது. காலத்தால் மிக அண்மையது. சேலம் மாவட்டத்து ஆத்தூரினின்று வேறான, திண்டுக்கல் சமவெளியைச் சேர்ந்த ஆத்தூர் வட்டாரமே அது. சின்னாளபட்டியும் காந்தி கிராமமும் இவ்வட்டாரத்தில் அடங்கும்.

சொல்லும் அது பிறந்த சூழலும்

மனித உடலின் எல்லைகளை அறிவியலால் கடக்கலாம் என்னும் கருத்து, பிரித்தானிய உயிரியலாளரிடையே 1920-களிலேயே வலுப்பெற்றது. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1923-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றி மறு ஆண்டு 'டீடலஸ்' என நூலாக்கிய உரையில், கருவறைக்கு வெளியே குழந்தை உருவாவதை முன்னுரைத்தார். ஜே. டி. பெர்னால் 1929-இல், உடலைத் துறந்து எந்திரத்தோடு இணைந்த மூளைகளையும் விண்வெளியில் மிதக்கும் கோளவடிவக் குடியிருப்புகளையும் கற்பனை செய்தார். இருவரும் இடதுசாரிகள். உடல் மாற்றம், விண்வெளி, சமூக மாற்றம் என்னும் மூன்றும் அவர்கள் பார்வையில் பிரிவின்றிக் கிடந்தன. இன்றைய மீமனிதவியம் பெரும்பாலும் சந்தைச் சிந்தனையோடு உறவாடுவதைக் காண்போர்க்கு இது வியப்பளிக்கலாம்.

யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக இருந்த ஜூலியன் ஹக்ஸ்லி, 1957-இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பொன்றில் 'டிரான்ஸ்ஹியூமனிசம்' என்றே தலைப்பிட்ட சிறு கட்டுரையை எழுதினார். மனித இனம் தன் முழுமையிலும் தன்னைத்தானே கடக்கமுடியும் என்பது அதன் மையம். தமிழில் 'மீமனிதன்' என்றவுடன் நீட்சேயின் கருத்தாக்கமே பலர்க்கும் நினைவுக்கு வரும். ஹக்ஸ்லி பேசுவது தனித்தெழும் ஒருவனைப் பற்றியன்று, இனத்தைப் பற்றியது. அதே கட்டுரையில், மக்கட்பெருக்கம் எல்லா நம்பிக்கைகளையும் சிதைத்துவிடும் என்றும், எண்ணிக்கையைவிடத் தரமே இலக்காக வேண்டும் என்றும், அதற்கு ஒருங்கிணைந்த கொள்கை தேவை என்றும் அவர் எழுதினார். பின்வந்த மேற்கோள்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி இது. எண்ணிக்கையைக் குறைத்தால்தான் தரத்தை உயர்த்தமுடியும் என்னும் இத்தருக்கத்தில், கருத்தடை மீமனிதவியத்தின் முதற்படியாகிவிடுகிறது.

ஹக்ஸ்லி 1959 முதல் 1962 வரை பிரித்தானிய இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1959 பிப்ரவரியில் புதுதில்லியில் கூடிய ஆறாவது பன்னாட்டுக் குடும்பத்திட்ட மாநாட்டில், மக்கள்தொகைத் திட்டமிடலும் வாழ்க்கைத் தரமும் குறித்து உரையாற்றினார். ஹால்டேன் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே இந்தியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1962-இல் லண்டனில் சிபா அறநிறுவனம் நடத்திய 'மனிதனும் அவன் எதிர்காலமும்' என்னும் கருத்தரங்கில் இருவரும் பங்கேற்றனர். நெடிய விண்பயணத்துக்குக் கால்கள் வேண்டாச்சுமை என்றும், பற்றிப்பிடிக்கும் உறுப்புகளே பயன்தரும் என்றும், மரபணு வழியே அத்தகைய உடலமைப்பைப் பெறலாம் என்றும் ஹால்டேன் அங்கே பேசினார். அவர் சொன்னதில் குறும்பு எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. மனிதனையும் எந்திரத்தையும் இணைத்து விண்வெளிக்கு ஏற்றவனாக்கும் 'சைபோர்க்' என்னும் சொல்லும் 1960-இல், மான்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் ஆகியோர் எழுதிய கட்டுரையில்தான் பிறந்தது.

தில்லி மாநாடு நடந்த அதே 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது.

காந்தியின் பெயரால் ஒரு கருத்தடைக் களம்

உடலின் எல்லைகளைக் கடத்தல் என்பதற்கு நவீன இந்தியாவில் எழுந்த மிகத் தெளிவான எதிர்க்குரல் காந்தியுடையது. 1909-இல் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில், மனிதன் எவ்வளவு தொலைவு செல்லவேண்டும் என்பதற்கு அவன் கைகால்களே இயற்கை வகுத்த எல்லை என்று வாதிட்டார்; மருத்துவத்தையும் அதே நோக்கில் ஐயுற்றார். 1935 டிசம்பரில் வார்தாவில் தம்மைச் சந்தித்த மார்கரெட் சாங்கரிடம், செயற்கைக் கருத்தடையை ஏற்க இயலாது, புலனடக்கமே வழி என்று கூறினார்.

1947-இல் மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்தி கிராமம், அதே காந்தியின் நிர்மாணத் திட்டத்தில் வேர்கொண்டது. டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம், இளமையில் கணவரை இழந்தபின் தில்லியின் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்று, காந்தியின் வாழ்த்தோடு மறுமணம் புரிந்தவர். சின்னாளபட்டியில் அவர் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1952-இல் ஆத்தூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962-இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

காந்தியின் பெயர் தாங்கிய இவ்விடம் பின்னாளில் நாடறிந்த குடும்பநல ஆய்வுக்களமாயிற்று. இதைக் கொள்கைத் துரோகம் என்று கூறிவிட்டுக் கடந்துவிடலாம். ஆயின் அது பொருந்தாது. பேறுகால இறப்பையும் குழந்தை இறப்பையும் நாள்தோறும் எதிர்கொண்ட மருத்துவமனைக்குப் புலனடக்கம் ஒரு விடையாக இருந்திருக்க முடியாது. காந்தியின் கொள்கை உடலை அதற்குரியவரின் அறப்பொறுப்பாகக் கண்டது. மகப்பேற்று அறையில் அவ்வுடல் ஒரு பெண்ணுடையது என்பதும், அவளுக்குப் புலனடக்கத்தை முடிவுசெய்யும் உரிமையே இல்லை என்பதும் வெளிப்பட்டன.

ஆத்தூர் முன்னோடித் திட்டம்

இந்திய அரசு முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே குடும்பக் கட்டுப்பாட்டுக்கென 65 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. சென்னை மாநிலம் அறுவைமுறையில் முன்னின்றது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து பின்னர்ச் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரான ஆர். ஏ. கோபாலசாமி, மூன்று குழந்தைகளுக்குப் பின் நிகழும் பேறுகளைப் 'பொறுப்பற்ற தாய்மை' என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். புள்ளியியல் கலைச்சொல்லாகத் தோன்றும் இத்தொடர் உண்மையில் ஒரு தீர்ப்பு; தீர்ப்பு பெண்ணின்மீது சுமத்தப்பட்டது. அறுவைக்கு உட்பட்டோர்க்குப் பணம் வழங்கும் நடைமுறையும் 1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில்தான் வேரூன்றியது.

இந்திய அரசு, சென்னை மாநில அரசு, ஃபோர்டு அறநிறுவனம் ஆகியவற்றின் துணையுடன் காந்தி கிராமத்தில் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டம் வேறொரு வழியில் சென்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த ஆத்தூர் வட்டாரம் அதன் களம். தொடக்கத்தில் அது தூய்மை, தாய்சேய் நலம் உள்ளிட்ட பொது நலவாழ்வுத் திட்டமாகவே இருந்தது. குடும்பநலம் படிப்படியாக முதன்மை பெற்றது. கே. ஏ. பிஷாரடியும் அவர்தம் குழுவினரும் மருத்துவ நிலையத்தில் அமர்ந்து மக்களை எதிர்நோக்கும் முறையைக் கைவிட்டனர். ஒவ்வொரு குடியிருப்பிலும் மக்கள் யாருடைய சொல்லைக் கேட்கின்றனர் என்று அம்மக்களிடமே வினவி, அவ்வாறு சுட்டப்பட்டோர்க்குப் பயிற்சி அளித்தனர். ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரின் பணிகளை மறுபங்கீடு செய்து, துணைச் செவிலியர் வீடுதோறும் சென்றுவரும் வகை செய்தனர். கருத்தடைப் பொருள்கள் ஊருக்குள்ளேயே, அறிந்தவர் கையில், எளிதாகக் கிடைக்கச் செய்யப்பட்டன.

1964-இல் இத்திட்டம் ஊரக நலவாழ்வு, குடும்பநல நிறுவனமாக வடிவம் பெற்றது. 1963-இல் நடுவணரசு 'விரிவாக்கக் கல்வி' முறையை ஏற்றபோது, காந்தி கிராம அனுபவமும் அதற்குத் துணைநின்றது. ஃபோர்டு அறநிறுவனத்தின் ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றிய மாய் ஃப்ரெய்மன் பின்னர் அமெரிக்காவில் கரோலினா மக்கள்தொகை மையத்தின் தலைவரானார். 'ஆத்தூர் அனுபவம்' என்னும் பெயரில் 1970-களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வறிக்கையும் அம்மையத்தின் வாயிலாகவே உலகோர்க்குக் கிடைத்தது. திண்டுக்கல் சமவெளியின் ஒரு வட்டாரப் பெயர் மக்கள்தொகையியல் நூல்களில் நின்று நிலைத்தது இவ்வாறுதான்.

ஆத்தூரில் பிறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆனால் அக்குறைவு எதனால் நிகழ்ந்தது என்பதில்தான் வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற உறுதி, வீட்டுக்கு வரும் செவிலியர்மீது நம்பிக்கை, ஊரில் மதிக்கப்பட்டவரின் சொல், கேட்டபோது கிடைக்கும் பொருள் ஆகிய அனைத்தும் சேர்ந்த சூழல் அது. ஹக்ஸ்லி பேசிய 'இனம்' ஆத்தூரில் ஒரு தெருவாகவும் ஒரு குடும்பமாகவும் சுருங்கியது. அதனால்தான் திட்டம் வென்றது. நடுவணரசு எடுத்துக்கொண்டதோ விளைவை மட்டுமே. நாடு முழுவதற்கும் 1966 முதல் முறைவாரியான இலக்கெண்கள் வகுக்கப்பட்டன. மெதுவாகப் பழகி நம்பிக்கையை ஈட்டும் உழைப்பு, இலக்கெண்ணில் எழுதக்கூடியது அன்று.

பெரியாரின் இரு குரல்கள்

கருத்தடையைத் தமிழில் அரசியற் கோரிக்கையாக்கியவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. அவருடைய நிலைப்பாடு ஹக்ஸ்லியினின்றும் கோபாலசாமியினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. பெண்ணின் உடல்நலம், குழந்தைகளின் வளர்ப்பு, நாட்டின் வறுமை ஆகியவற்றைக் காட்டிப் பிறர் கருத்தடையை வேண்டுகின்றனர். தாம் வேண்டுவது பெண்ணின் விடுதலைக்காக என்பதைக் 'குடிஅரசு' கட்டுரைகளிலும் பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலும் அவர் தெளிவுபடுத்தினார். பிள்ளை பெறுதலே பெண்ணை அடிமைப்படுத்துகிறதெனில் பெறாதிருக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு என்பது வரை அவ்வாதம் செல்கிறது. உடலின் இயற்கை விதியை மாற்ற விரும்பும் வகையில் இது மீமனிதவியத்துக்கு நெருக்கமானது. முடிவெடுக்கும் இடத்தில் இனத்தையோ அரசையோ வைக்காமல் பெண்ணை வைத்த வகையில் அதற்கு எதிரானது.

ஆயின் 1944-இல் சிறுநூலாக வந்த 'இனிவரும் உலகம்' இன்னொரு குரலை ஒலிக்கிறது. கம்பியில்லாப் பேச்சுக்கருவி ஒவ்வொருவர் கையிலும், முகம் பார்த்து உரையாடல், ஓரிடத்திலிருந்து பலர்க்கும் கல்வி, குறைந்த உழைப்பு நேரம், நீண்ட ஆயுள் என அந்நூல் காட்டும் உலகைக் கைப்பேசிக் காலத்தில் பலரும் வியந்து மேற்கோள் காட்டுவர். அரசரும் தனியுடைமையும் ஒழிந்த சமூகத்தில்தான் அவ்வசதிகள் அமையும் என்று அவர் எழுதியதை அவ்வியப்பு மறந்துவிடுகிறது. ஆண்-பெண் சேர்க்கையின்றியே குழந்தை பிறக்கும் என்னும் முன்னுரைப்பும் அவ்வாறே போற்றப்படுகிறது. 1978-இல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபின் அப்பகுதிக்குத் தனிச் சிறப்பும் ஏற்பட்டது.

அப்பகுதியை முழுமையாகப் படிப்போர் இன்னொன்றையும் காண்பர். பொலிகாளைகளைத் தேர்ந்தெடுப்பதுபோல் உடல்வலிமையும் அறிவும் உடைய ஆடவரைத் தேர்ந்து, அவர்தம் விந்தைக்கொண்டு நல்ல குழந்தைகளைப் பிறப்பிக்கலாம் என்கிறார் பெரியார். ஏறத்தாழ இதே கருத்தை அமெரிக்க மரபியலறிஞர் ஹெர்மன் முல்லர் 1930-களில் முன்வைத்தார். 1962-இன் லண்டன் கருத்தரங்கிலும் அதையே வலியுறுத்தினார். பிறப்பால் வரும் உயர்வுதாழ்வை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர், உடற்கூற்றால் அமையும் தெரிவை எவ்வாறு ஏற்றார் என்னும் வினா எழுகிறது. சாதி வழியே கடத்தப்படும் பிறப்பை உடைக்கும் கருவியாக அறிவியல் தெரிவை அவர் கண்டார் என்று விளக்கலாம். அவ்விளக்கம் ஓரளவே செல்லும். யார் தெரிவுசெய்வது என்னும் வினாவுக்குக் 'குடிஅரசு' எழுத்துகளில் அவரிடம் விடை இருந்தது. 'இனிவரும் உலக'த்தில் அவ்விடை காணப்படவில்லை. பெரியாரியல் ஆய்வுகள் இம்முரணைத் தவிர்க்காமல் எதிர்கொள்ளவேண்டும்.

விண்ணிலிருந்து வந்த செய்தி

இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைக்கப்பட்ட ஆண்டு 1962. தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது 1963 நவம்பர் 21. நிலவுக்கோ கோள்களுக்கோ மனிதனை அனுப்புவதில் வளர்ந்த நாடுகளோடு போட்டியிடும் கனவு இந்தியாவுக்கு இல்லை என்று விக்ரம் சாராபாய் வெளிப்படையாகவே கூறினார். பெர்னாலும் ஹால்டேனும் கண்ட விண்வெளி மனிதன் அத்திட்டத்தில் இல்லை. வேளாண்மை, கல்வி, நாட்டு ஒருமைப்பாடு ஆகியவற்றோடு குடும்பக் கட்டுப்பாடும் துணைக்கோள் தொலைக்காட்சிக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. செவிலியரும் ஊர்த்தலைவரும் ஆத்தூரில் நடந்துசென்று சொன்ன செய்தியை, இந்தியாவின் பல லட்சம் ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் விண்ணிலிருந்து சொல்லிவிடலாம் என்பதே அந்நம்பிக்கையின் உட்கிடை.

சாராபாய் மறைந்தபின் அந்நம்பிக்கை 'சைட்' எனப்பட்ட துணைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையாக நிறைவேறியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. தமிழ்நாடு அவ்வாறனுள் இல்லை. துணைக்கோள் தொலைத்தொடர்பை 1945-லேயே முன்மொழிந்தவரும், மனித இனம் தன்னைக் கடந்து வேறொன்றாக மாறுவதைப் புதினமாக்கியவருமான ஆர்தர் சி. கிளார்க்குக்கு, கொழும்பிலிருந்த அவர் இல்லத்தில் அந்த ஒளிபரப்பைக் காண ஏற்பி ஒன்று இந்தியாவிலிருந்து வழங்கப்பட்டது. மீமனிதவியக் கற்பனையும் குடும்பக் கட்டுப்பாட்டு ஒளிபரப்பும் ஒரே திரையில் சந்தித்த இடமாக அக்கொழும்பு வீட்டைக் கருதலாம்.

சைட் நடந்த காலம் 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு ஐந்து வாரங்களில் தொடங்கி, அதன் உச்சத்தில் முடிந்தது. அதே காலத்தில்தான் கட்டாயக் கருத்தடை அறுவைகள் பெருகின. 1976–77-இல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நிகழ்ந்தன. விண்ணிலிருந்து அறிவுறுத்தலும் மண்ணில் வற்புறுத்தலும் உடனிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறுதற்கில்லை; சைட் நிகழ்ச்சிகளை உருவாக்கியோரின் நன்னோக்கத்தை ஐயுறுதற்கும் இடமில்லை. ஆனால் இரண்டும் 'மக்கள்தொகை' என்னும் ஒரே அருவத்தை நோக்கிப் பேசின. ஆத்தூர்த் திட்டத்தின் வலிமையாக இருந்த, எதிரே அமர்ந்து மறுமொழி கேட்கும் செவி இரண்டிலும் இல்லை.

எண்ணிக்கையின் அரசியல்

1976-க்கு இன்னொரு முகமும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் நாடாளுமன்ற இடங்களை இழக்கலாகாது என்னும் அடிப்படையில், 42-ஆம் அரசமைப்புத் திருத்தம் மக்களவை இடப்பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டுக்கு அவ்வச்சம் புதிதன்று. 1967 தேர்தலிலேயே அதன் இடங்கள் 41-இலிருந்து 39-ஆகக் குறைந்திருந்தன. 84-ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அறுவைக்கு அஞ்சியும் விரும்பியும் இசைந்தோரின் முடிவுகள் இவ்வாறு மாநிலத்தின் வாக்குவலிமைக் கணக்காயின.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதத்தை 1.8 எனக் காட்டுகிறது. 2024-இலும் 2025-இலும் தமிழ்நாடு, ஆந்திர முதலமைச்சர்கள் பொதுமேடைகளில் கூடுதல் குழந்தைகளைப் பற்றிப் பேசினர்; தமிழ்நாட்டில் அப்பேச்சு தொகுதி மறுவரையறையோடு இணைந்தே எழுந்தது. குறையுங்கள் என்ற குரலும் கூட்டுங்கள் என்ற குரலும் அரசிடமிருந்தே வருகின்றன. ககன்யான் திட்டமும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டின ஏவுதளமும், 2025-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சுபான்ஷு சுக்லா மேற்கொண்ட தசைத்திசு ஆய்வும், சாராபாய் தள்ளிவைத்த விண்வெளி மனிதனை இந்தியாவின் முன் மீண்டும் நிறுத்தியுள்ளன. எடையற்ற வெளியில் தசை ஏன் தேய்கிறது, அதை எவ்வாறு தடுப்பது என்னும் வினாக்களோடு, உடலை மாற்றும் பேச்சு விண்வெளி வழியே திரும்பி வந்திருக்கிறது. காந்தி கிராமத்து நிறுவனம் ஊரக நலவாழ்வுப் பணியாளர்க்குப் பயிற்சி தந்துவருகிறது. அதன் தொடக்கக்கால ஆவணங்களும், ஆத்தூர் வட்டாரத்தில் 1960-களில் தாய்மாராக இருந்தோரின் வாய்மொழிச் சான்றுகளும் தமிழில் தொகுக்கப்படவேண்டியவை. அத்தலைமுறையினர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள்.